லண்டன் வார்ப்பும் ஆத்தூர் வழியும்: காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வாழ்வு

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வரலாற்றை எழுதுகிறவர்கள் 1857இல் தொடங்குவது வழக்கம். அந்த ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்கு வார்ப்பாக அமைந்தது 1836இல் பட்டயம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிய அமைப்பு. பாடம் சொல்லித்தருவது கல்லூரிகளின் பொறுப்பு. ஆய்வு என்பது அந்த ஏற்பாட்டில் ஓரமாகக்கூட இடம்பெறவில்லை. 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தியப் பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆய்வு நடத்தவும் வழி பிறந்தது. பிரிட்டனின் நிலையும் இதைவிடப் பெரிதாக முந்தியதல்ல. ஆக்ஸ்போர்டு முனைவர் பட்டத்தை ஏற்றதே 1917இல்தான்.

இந்த வரலாறு தவறில்லை. ஆனால் செம்பட்டியில் இருந்து பார்த்தால் அதில் பாதி விடுபட்டிருப்பது தெரியும். வத்தலக்குண்டு, பழனி, திண்டுக்கல் சாலைகள் கூடும் இந்த ஊரைச் சுற்றியுள்ள ஆத்தூர் ஒன்றியத்துக் கிராமங்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பின்னாளில் பல்கலைக்கழகமான ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்களமாக இருந்தன. சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் அருகில் உள்ள காந்திகிராமம்தான் அந்த நிறுவனம். அது லண்டன் வழி வந்ததன்று. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

1922இல் தாகூரின் அழைப்பின்பேரில் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தின் சுருல் கிராமத்தில் ஊர்ச் சீரமைப்புப் பணியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் வரலாறும் அமெரிக்காவின் கார்னெலில் வேளாண்மையும் படித்தவர். அந்த இடமே பின்னர் ஸ்ரீநிகேதன் ஆனது. அக்காலத்தில் அதற்கு அருகில், தாகூரின் சாந்திநிகேதனில் மாணவராக இருந்தவர் கேரளத்து ஜி. ராமச்சந்திரன். படிப்பறைக்கும் வயலுக்கும் நடுவில் சுவர் வேண்டியதில்லை என்பதை அவர் அங்கே கண்ணால் கண்டிருப்பார் என்பது என் கணிப்பு. 1924இல் அவர் காந்தியைச் சந்தித்தார்; அதன் பிறகு அவருடைய வாழ்வு முழுவதும் நிர்மாணப் பணிதான்.

அவருடைய துணைவியார் டாக்டர் சௌந்தரம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளவயதில் கணவரை இழந்தவர். அதன் பின்னர் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்துத் தேறினார். சாதியும் மொழியும் கடந்து 1940இல் நடந்த இவர்கள் திருமணத்துக்குக் காந்தியின் ஆசி இருந்தது. கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரம் அம்மையாரிடம் வந்தது. 1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்குப் போன காந்தி, வழியில் அம்பாத்துரையில் திரண்டிருந்த மக்களைப் பார்த்தார். மறு ஆண்டு அக்டோபரில் அதே இடத்துக்குப் பக்கத்தில் இந்தத் தம்பதியர் காந்திகிராமத்தைத் தொடங்கினர். முதலில் அங்கே இருந்தது மருத்துவம், தாய்சேய் நலம், ஆதாரக் கல்வி, பணியாளர் பயிற்சி. பல்கலைக்கழகம் என்ற எண்ணம் பின்னால் வந்தது.

அந்த எண்ணத்துக்கு அரசின் வாசல் திறந்த விதம் கவனிக்கத்தக்கது. 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன் அப்போது ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். உறுப்பினர்களில் ஒருவர் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் ஜேம்ஸ் டஃப். 1832இல் நிறுவப்பட்ட டர்ஹம், மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழும் கல்லூரி மரபுக்குப் பேர்போனது. இத்தனை பிரிட்டிஷ் அனுபவம் நிறைந்திருந்த ஆணையம் இந்தியாவுக்குக் கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பெரிதும் காரணமானவர் அமெரிக்க உறுப்பினர் ஆர்தர் மார்கன். டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தின் முதல் தலைவராக இருந்த பொறியாளர் அவர். இதைத் தொடர்ந்து 1956இல் மத்திய அரசு கிராமிய உயர்கல்வி நிலையங்களை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் அவை இரண்டு இடங்களில் அமைந்தன. ஒன்று கோவை பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண வித்யாலயம், மற்றொன்று காந்திகிராமம்.

அங்கே படித்தவர்களுக்குக் கிடைத்தது மூன்றாண்டு கிராமப் பணிப் பட்டயம். விடுதி வாழ்க்கை, சர்வ சமயப் பிரார்த்தனை, கதர், உடலுழைப்பு, சாந்தி சேனைப் பயிற்சி எல்லாம் படிப்பின் பகுதி. மாணவர்கள் கிராமத்தில் தங்கி வேலை செய்தாக வேண்டும். கிராமத் தங்கல் என்ற பெயரில் அது தொடர்ந்து வந்த ஏற்பாடு. 1959 பிப்ரவரியில் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங் காந்திகிராமத்துக்கும் வந்து போனார்.

அதே 1959தான் இந்த வட்டாரத்தின் ஆய்வு வரலாற்றில் முக்கியமான ஆண்டு. ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன், மத்திய, மாநில அரசுகளின் ஒத்துழைப்போடு ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964இல் அது கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனமாக வளர்ந்தது. நிர்வாகத்தில் அது தனி அமைப்பு என்றாலும் காந்திகிராமக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு கிராமத்தில் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் பிறக்கின்றன என்று கண்டுபிடிப்பதே அன்று பெரும்பாடு. கணக்குப்பிள்ளையின் பதிவேட்டில் விடுபட்டவை ஏராளம். பெரியவர்களிடம் வயது கேட்டால் பஞ்சம் வந்த வருஷம், ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருஷம் என்றுதான் பதில் வரும். அதை வைத்துத்தான் வயதைக் கணிக்க வேண்டும். ஆகவே வீடு வீடாகப் போனார்கள். பிறப்பும் இறப்பும் தொடர்ந்து குறிக்கப்பட்டன. ஊரில் யார் பேச்சுக்கு மதிப்பு என்று விசாரித்து, அவர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வழியாகச் செய்தியைக் கொண்டுபோனார்கள். ஒரு செவிலியர் எத்தனை குடும்பங்களைக் கவனிக்க முடியும், மருத்துவச்சியை ஒதுக்குவதா அணைப்பதா என்பவையெல்லாம் ஆய்வுக் கேள்விகளாயின.

ஆயிரம் பேருக்கு 40க்கு மேல் இருந்த ஆத்தூர் ஒன்றியத்தின் பிறப்பு விகிதம் பத்தாண்டுக்குள் 30க்குக் கீழே வந்தது. குடும்பநலத் திட்ட ஆய்வாளர்கள் இதை ‘ஆத்தூர் அனுபவம்’ என்ற பெயரில் எழுதினார்கள். முழுப் பெருமையும் திட்டத்துக்கே என்று சொல்ல நான் தயங்குவேன். சாலையும் பேருந்தும் பள்ளிக்கூடமும் மதிய உணவும் அதே ஆண்டுகளில்தான் இந்தப் பக்கம் பரவின. ஆனாலும் நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் நடந்த கட்டாயக் கருத்தடைகளை நினைக்கும்போது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பேசிப் புரியவைக்கும் வழியில் வேலை நடந்தது என்பது சாதாரணச் செய்தியல்ல. 1952இல் இதே ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர் சௌந்தரம் அம்மையார். வீடுகளின் கதவு ஆய்வாளர்களுக்குத் திறந்ததில் அந்த அறிமுகத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கிராமிய நிலையங்கள் நாடெங்கும் நொடித்துப்போனதற்கு அவற்றின் பட்டயமே முதன்மைக் காரணம். பட்டத்துக்கு இணை என்று அரசு சொன்னாலும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தயங்கின. மேல்படிப்புக்கு வழியில்லாத படிப்பில் பிள்ளையைச் சேர்க்க எந்தப் பெற்றோர் முன்வருவார்கள்? காந்திகிராமம் தப்பியது 1976 ஆகஸ்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்ததால். அடுத்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தல், ஆய்வு இவற்றோடு விரிவாக்கப் பணியையும் உயர்கல்வியின் மூன்றாம் கடமையாக ஏற்றது. காந்திகிராமம் இருபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்த வேலை அது. நாகாலாந்து அமைதிப் பணியில் பழுத்த அனுபவம் பெற்ற எம். அரம் பின்னர் இங்கே துணைவேந்தராக வந்தது அந்த மரபுக்குப் பொருத்தமாக அமைந்தது.

தகுதியோடு நெருக்கடியும் வந்தது. முனைவர் பட்டங்கள், ஆய்விதழ்கள், தரமதிப்பீடு ஆகிய மானியக் குழுவின் அளவுகோல்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானவை. இந்த வட்டாரத்துச் சித்தையன்கோட்டையில் ஓராண்டு தங்கிச் செய்த வேலைக்கு அந்த அளவுகோலில் மதிப்பெண் குறைவு. வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரைக்குக் கூடுதல். வேதியியலும் கணினியும் இங்கே வந்ததை நான் குறை சொல்லவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவையும் வேண்டும். ஆனால் லண்டன் வார்ப்பை மறுத்துப் பிறந்த ஒன்று வேறு வழியாக அதற்குள்ளேயே இழுக்கப்படுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தாக வேண்டும்.

ஆத்தூர் அனுபவம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது; டெல்லியிலும் அமெரிக்காவிலும் படிக்கப்பட்டது. தங்கள் வீட்டுப் பிறப்பையும் இறப்பையும் பத்தாண்டு சொல்லித் தந்த செம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு அது தமிழில் நூலாக வந்து சேர வேண்டும். அன்று இளம் தாய்மாராக இருந்தவர்களில் சிலர் எண்பதைத் தாண்டி இன்னும் இருக்கிறார்கள். கேள்வித்தாளோடு படியேறி வந்தவர்களைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவதே இந்த ஆய்வின் அடுத்த பகுதி.