பூட்டிய எழுத்து, பூட்டிய படம்

போன மாரியில் ரொக்ஸ்பரோ வீட்டின் நிலவறையைத் துப்புரவாக்கியபோது 1999இல் வாங்கிய கணினி ஒன்று வெளியே வந்தது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த கிராஃபிக்ஸ் கார்டில் ‘மேற்றொக்ஸ்’ என்று பொறித்திருந்தது. அந்த நிறுவனம் எங்களுக்குத் தூரத்தில் இல்லை. 209ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, சோர்ஸஸ் வீதி வழியே தெற்கே இறங்கினால் டோர்வல் வரும். அதன் தலைமையகம் அங்கேதான்.

கணினி இன்னும் ஓடியது. வன்தட்டில் இரண்டு வகைப் பொருட்கள் எஞ்சியிருந்தன. ஒன்று, மகன் விளையாடிய விளையாட்டுகள். மற்றது, ஊர்ச் சங்கத்துக்காக நான் தட்டச்சுச் செய்த மலர்கள். விளையாட்டுகள் எல்லாம் திறந்தன. மலர்கள் அப்படியில்லை. பாமினியில் தட்டியவை மீண்டன. ஒரு வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கிய தமிழ்ச் செயலியில் தட்டிய மலர் மட்டும் மீளவில்லை. அந்தச் செயலி தனக்கென்று வந்த நெகிழ்வட்டு உள்ளே இருந்தால்தான் திறக்கும். நெகிழ்வட்டு எப்போதோ பழுதாகிவிட்டது, வியாபாரி கடையை மூடியும் பல ஆண்டுகள். அந்த மலரில் எங்கள் ஊரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. அச்சுப் பிரதி ஒன்றுகூட எங்களில் எவரிடமும் இல்லை.

சுட்டு விளையாடும் விளையாட்டு 25 ஆண்டுகளைத் தாண்டியும் திறக்கிறது, ஊரின் பெயர்ப்பட்டியல் திறக்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் அந்தக் கார்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

விளையாட்டை எழுதுபவர் கார்டோடு நேரே பேசுவதில்லை. இடையில் ஒரு மொழி வேண்டும். ‘இங்கே ஒரு முக்கோணம் வரை, அதன்மேல் செங்கல் படத்தை ஒட்டு, வெளிச்சத்தை இந்தப் பக்கத்தால் விழுத்து’ என்று கட்டளையிடும் மொழி. அந்த மொழி யாருக்குச் சொந்தம் என்பதுதான் முப்பது ஆண்டுச் சண்டையின் சாரம்.

1992இல் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் பணிநிலையங்களில் ஓடிய மொழியைத் திருத்தி ‘ஓப்பன்ஜிஎல்’ என்ற பெயரில் வெளியிட்டது. பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு குழு அதைப் பராமரித்தது. எந்தக் கார்ட் உற்பத்தியாளரும் அதற்கேற்பத் தன் கார்டை இயக்கலாம். 1994இல் தொடங்கிய 3டிஎஃப்எக்ஸ் வேறு வழியில் போனது. 1996இல் அதன் ‘வூடூ’ கார்ட் வந்தபோது வீட்டுக் கணினியில் அதுவரை காணாத படங்கள் ஓடின. அந்தக் கார்டுக்கென்றே அது ‘கிளைட்’ என்ற மொழியை வைத்திருந்தது. ஓப்பன்ஜிஎல்லில் விளையாட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் குறுக்கியது போன்ற, வேகமான மொழி. ஆனால் வேறு எவருடைய கார்டுக்கும் அது பேசாது.

மூன்றாவதாக வந்தது மைக்ரோசொஃப்ற். 1995 பெப்ரவரியில் பிரித்தானியாவின் ரெண்டர்மோர்ஃபிக்ஸ் நிறுவனத்தை வாங்கி, அதன் மென்பொருளிலிருந்து ‘டைரக்ற்3டி’யை உருவாக்கி 1996இல் வெளியிட்டது. இது ஒரு நடுத்தர ஏற்பாடு. எந்தக் கார்ட் நிறுவனமும் இதைப் பேசலாம், ஆனால் வின்டோஸ் உள்ள வீட்டில் மட்டும்தான் பேசலாம். வாசல் ஒரு பக்கம் எல்லோருக்கும் திறந்திருந்தது, மறுபக்கம் பூட்டு.

‘குவேக்’ விளையாட்டை எழுதிய ஜோன் கார்மக் 1996 டிசம்பரில் டைரக்ற்3டியைக் கடுமையாக விமர்சித்து, தான் ஓப்பன்ஜிஎல் பக்கமே நிற்பதாக எழுதினார். அடுத்த மாதமே குவேக்கின் ஓப்பன்ஜிஎல் வடிவம் வெளிவந்தது. 1997இல் கிறிஸ் ஹெக்கர் உள்ளிட்ட விளையாட்டு உருவாக்குநர்கள் மைக்ரோசொஃப்ற்றுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார்கள். ஓப்பன்ஜிஎல்லை வின்டோஸில் ஒழுங்காக ஆதரியுங்கள் என்பதே வேண்டுகோள். மைக்ரோசொஃப்ற் தன் வழியை விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் டைரக்ற்3டியைத் திருத்தித் திருத்தி, முதலில் குறை சொன்னவர்களே பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தது.

கிளைட்டின் முடிவு வேறு. மற்றவர்களின் கார்டில் கிளைட் விளையாட்டுகளை ஓடவைக்கும் ‘உறை’ நிரல்களைச் சிலர் எழுதினார்கள். 3டிஎஃப்எக்ஸ் சட்டத்தைக் காட்டி அவர்களை மிரட்டியது. 1999 டிசம்பரில் அதே நிறுவனம் கிளைட்டின் மூல நிரலைத் தானே திறந்துவிட்டது. அப்போது சந்தை கைநழுவிப் போயிருந்தது. 2000 டிசம்பரில் தன் முக்கிய சொத்துகளை என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்து, 2002இல் வங்குரோத்துக்குப் போனது.

இனி டோர்வலுக்கு வருவோம். லோர்ன் ட்ரொட்டியேயும் பிராங்கோ மாட்டிச்சும் 1976இல் தொடங்கிய மேற்றொக்ஸ், 1990களில் உலகம் அறிந்த பெயர். திரையில் எழுத்தும் படமும் துலக்கமாகத் தெரிவதற்கு அதன் ‘மில்லேனியம்’ கார்ட்கள் புகழ்பெற்றவை. 1998இல் ஜி200 வந்தது. டைரக்ற்3டியை அது நன்றாகப் பேசியது. ஓப்பன்ஜிஎல்லுக்கு முழுமையான இயக்கி அப்போது தயாராக இல்லை. ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை டைரக்ற்3டியாக மொழிபெயர்க்கும் நிரல் ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். குவேக் வகை விளையாட்டுகளை வைத்தே கார்ட்களை அளந்த காலம் அது. வன்பொருளில் குறையில்லாத கார்ட், மொழி தடுமாறியதால் பின்னுக்குப் போனது.

அதே மேற்றொக்ஸ் ஜி200இன் தொழில்நுட்ப விவரங்களை லினக்ஸ் ஆர்வலர்களுக்குக் கொடுத்தது. 1999இல் அவற்றை வைத்துத் திறந்த இயக்கி எழுதியவர்களில் கார்மக்கும் ஒருவர். அந்த ஆண்டே ஜி400 வந்தது. இரண்டு திரைகளை ஒரே கார்டில் இணைக்கலாம். நீரலையும் உலோகமும் மினுங்கும்படி மேடுபள்ளம் காட்டும் நுட்பம் ஒன்றும் அதில் இருந்தது. அந்த நுட்பம் டைரக்ற்எக்ஸின் 6ஆம் பதிப்பில் பொதுவாகவே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் 2002இல் வந்த ‘பர்ஹீலியா’ விலையில் உயர்ந்தும் வேகத்தில் தாழ்ந்தும் நின்றது. அதன்பின் மேற்றொக்ஸ் விளையாட்டுச் சந்தையை விட்டு, பல திரைகளை இயக்கும் தொழில்முறைக் கார்ட்களோடு நின்றுகொண்டது. 2014இல் தன் புதிய கார்ட்களுக்கு ஏ.எம்.டி.யின் சில்லுகளை எடுப்பதாக அறிவித்தது.

திறந்து கொடுத்தவர் வெல்வார் என்று நினைப்பவர்களுக்கு டோர்வலின் கதை ஒரு பாடம். மேற்றொக்ஸ் திறந்தது, தோற்றது. வேகம், விலை, நேரம் என்று போட்டிக்கு வேறு கணக்குகளும் உண்டு.

கார்ட் செய்த மொன்றியல் பின்வாங்கியபோது, விளையாட்டுச் செய்யும் மொன்றியல் எழுந்தது. 1997இல் யூபிசொஃப்ற் இங்கே கிளை திறக்கக் கியூபெக் அரசின் சம்பள மானியம் காரணமாக இருந்தது. பின்னர் பல்லூடகத் தயாரிப்புகளுக்கு 37.5% வரை வரிக்கழிவு கிடைத்தது. நகரம் உலகின் பெரிய விளையாட்டுப் பட்டறைகளில் ஒன்றானது. அந்தப் பட்டறைக்குள்ளேயே பழைய சண்டை திரும்பி வந்தது.

2008 ஏப்ரலில் யூபிசொஃப்ற் மொன்றியலின் ‘அசாசின்ஸ் கிரீட்’ கணினிக்கு வந்தது. டைரக்ற்எக்ஸ் 10.1ஐ அது ஆதரித்தது. அந்தப் பதிப்பைப் பேசக்கூடிய கார்ட்களை அப்போது ஏ.எம்.டி. விற்றது. 1985இல் ஒன்ராறியோவில் ஹொங்கொங் குடியேறிகள் தொடங்கிய ஏ.ரி.ஐ.யை 2006இல் ஏ.எம்.டி. 5.4 பில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது. விளிம்புகளை மென்மையாக்கும்போது அந்தக் கார்ட்களில் விளையாட்டு வேகமாக ஓடுவதைச் சோதித்தவர்கள் கண்டார்கள். சில வாரங்களில் யூபிசொஃப்ற் ஒரு திருத்தத்தை அறிவித்தது. 10.1 ஆதரவு அதில் நீக்கப்பட்டது. படம் வரையும் ஒரு படியை அந்தச் செயலாக்கம் விட்டுவிடுவதே தெரிந்த வேகத்துக்குப் பெரிதும் காரணம் என்பது நிறுவனத்தின் விளக்கம். விளையாட்டு என்விடியாவின் விளம்பரத் திட்டத்தில் சேர்ந்திருந்ததால் சந்தேகம் எழுந்தது. அழுத்தம் எதுவும் இல்லை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. எவரும் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் நீக்கிய ஆதரவு திரும்பி வரவுமில்லை.

2013இல் டபிள்யூ.பி. கேம்ஸ் மொன்றியலின் ‘பேட்மன்: ஆர்க்கம் ஒரிஜின்ஸ்’, 2014இல் யூபிசொஃப்ற் மொன்றியலின் ‘வாட்ச் டோக்ஸ்’. இரண்டிலும் என்விடியாவின் ‘கேம்வேர்க்ஸ்’ இருந்தது. நிழல், புகை, கூந்தல் போன்றவற்றை வரையும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு அது. அதன் மூல நிரல் மூடியிருப்பதால் தங்கள் கார்டுக்கு ஏற்றபடி விளையாட்டைச் செப்பனிட முடியவில்லை என்று ஏ.எம்.டி.யின் ரொபேர்ட் ஹலொக் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். ஏ.எம்.டி. தரும் திருத்தங்களை ஏற்க வேண்டாமென்று எவரையும் தாங்கள் தடுப்பதில்லை என்று என்விடியா பதில் சொன்னது. மறுபக்கமும் ஒன்று உண்டு. இதே நகரத்தில் ஐடோஸ் மொன்றியல் செய்த ‘டியூஸ் எக்ஸ்’ விளையாட்டுகள் ஏ.எம்.டி.யின் கூட்டுத் திட்டத்தில் வந்தவை. 2013இல் ஏ.எம்.டி.யின் கூந்தல் நுட்பத்தோடு ‘டூம்ப் ரெய்டர்’ வெளியானபோது, கடைசி நிரல் தங்களுக்குப் பிந்தியே கிடைத்தது என்று முறையிட்டது என்விடியா. கூட்டாளி மாறினால் முறைப்பாட்டுக்காரரும் மாறுகிறார்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். நிறுவனங்கள் நல்ல மனதால் திறப்பதில்லை. பின்தங்கும்போது திறக்கின்றன, அல்லது பூட்டால் இனிப் பயனில்லை என்றபோது திறக்கின்றன. கிளைட் அப்படித் திறந்தது. சந்தையில் இரண்டாவதாக நின்ற ஏ.எம்.டி. தன் ‘மான்டில்’ மொழியைப் பொதுக் குழுவான குரோனொஸிடம் கொடுக்க, அதிலிருந்து 2016இல் ‘வல்கன்’ பிறந்தது. திரையையும் கார்டையும் ஒத்திசைக்கும் என்விடியாவின் ஜி-சிங்க் 2013இல் தனிச் சில்லோடு வந்தது. பொது நியமத்தில் ஓடும் மலிவான திரைகள் சந்தையை நிரப்பியதும் 2019இல் என்விடியாவே அந்த நியமத்தை ஏற்றது. 2018இல் அது அறிவித்த பங்காளர் திட்டம், கார்ட் விற்பவர்களின் விளையாட்டுப் பெயர்களைத் தனக்கு மட்டுமே ஒதுக்கச் சொல்கிறது என்ற செய்தி வந்து எதிர்ப்பு எழுந்தது. இரண்டு மாதத்துக்குள் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பூட்டை அசைத்தது வெளியிலிருந்து வந்த நெருக்குதல்தான்.

நமது எழுத்தின் கதையும் இப்படித்தான் நடந்தது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றிய எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்த காலத்தில், ஒருவர் தட்டியதை மற்றவர் வாசிக்க முதலில் அவருடைய எழுத்துருவை வாங்க வேண்டும். உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்துத் ‘தகுதரம்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெற் மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு வேறு தரங்களை ஏற்றது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தும், வின்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண வீட்டுக் கணினிக்கு வந்தது. யூனிகோடின் ஒழுங்கில் குறைகள் உண்டு என்று வாதிட்டவர்களிடம் நியாயமும் இருந்தது. என்றாலும் அது எந்த ஒரு கடைக்காரருக்கும் சொந்தமில்லை.

பாமினி மலர்கள் மீண்டது எப்படி? ஜேர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் செய்த ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகளால். பாமினியின் விசை ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் எவரும் மாற்றி எழுத முடிந்தது. கிளைட்டில் எழுதிய பழைய விளையாட்டுகளை ஆர்வலர்கள் இன்று ஓட்டுவதும் இதே வகை உறை நிரல்களால்தான். விளையாட்டுக்கு அந்த வேலையைச் செய்ய உலகமெங்கும் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயர்ப்பட்டியலைப் பூட்டிய செயலிக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. சிறிய சமூகத்தைப் பூட்டு அதிகமாகவே வதைக்கிறது.

விளையாட்டுப் பட்டறைகளுக்குக் கியூபெக் கொடுப்பது எங்கள் வரியிலிருந்தும்தான். எந்தக் கார்ட் நிறுவனத்தோடு என்ன ஒப்பந்தம் செய்தார்கள், மூடிய நிரல் எது என்பதையாவது வரிக்கழிவு வாங்குபவர்கள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்பது அதிகமல்ல என்பது என் கருத்து.

எங்களிடமும் ஒன்று கேட்கலாம். பழைய மலர்களின் கோப்புகள் உங்கள் நிலவறையிலும் கிடக்கும். மாற்றிகள் வேலை செய்யும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஓர் அச்சுப் பிரதியும் எடுத்து, இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். அந்தப் பெயர்ப்பட்டியலை நான் இப்போது தொலைபேசியில் மூத்தவர்களைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். 43 குடும்பங்கள் வரை வந்திருக்கிறது. மிச்சத்தைச் சொல்லக்கூடிய இருவர் போன ஆண்டு காலமாகிவிட்டார்கள்.