உள்ளுறையும் உவகையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழி வறண்ட நிலம். குண்டாறு ஆண்டிற் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும். அத்தகைய ஊருக்குச் சுழி என்று பெயர் வாய்த்தது வேடிக்கைதான். பெருகி வந்த வெள்ளத்தை இறைவன் சுழியாக்கி நிலத்துள் புகச் செய்தான் என்பது தலபுராணம். வெள்ளம் என்பது பிறவி, சுழி என்பது அதனை உள்வாங்கும் அருள் என்று இதற்குத் தத்துவப் பொருள் கூறுதல் எளிது. வானம் பார்த்து விதைக்கும் உழவனோ, வெள்ளம் வந்தது என்ற செய்தியிலேயே மகிழ்ந்துவிடுவான்!

இலக்கியத்தில் மறைபொருள் தேடுதல் படிக்கும் இன்பத்தைக் கெடுக்குமா என்பது பழைய வழக்கு. அவ்வழக்கிற்குத் திருச்சுழி ஒரு நல்ல சாட்சியைத் தருகின்றது.

இவ்வூரைப் பாடியவர் சுந்தரர். அவருடைய திருத்தொண்டத் தொகையை வித்தாகக் கொண்டு, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். 1879 டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியிற் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவன், தந்தை மறைந்த பின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தபோது, அந்நூல் அவன் கைக்குக் கிட்டியது. அவனை ஈர்த்தது சித்தாந்த நுட்பமன்று. இப்படியும் மனிதர் வாழ்ந்தனரோ என்னும் வியப்பே. 1896-இல், பதினாறாம் வயதில், அவன் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டான். உலகம் பின்னர் அவனை இரமண மகரிஷி என்று அறிந்தது.

இதைக் கொண்டு, உரையே வேண்டா என்று தீர்ப்பளித்தல் அவசரம். உள்ளுறை உவமத்திற்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். அகநானூற்றின் 46-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். சேற்றில் நிற்க வெறுத்த எருமை, ஊர் உறங்கும் இரவில் கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் நீக்கி, வள்ளைக் கொடியை மிதித்துக் கலக்கி, வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கின்றது. பரத்தையிடம் சென்று மீண்ட தலைவனிடம் தோழி இதனைச் சொல்கின்றாள். இக்காட்சியில் அவனைக் குறித்து ஒரு வசைச்சொல்லும் இல்லை. பாட்டின் தொடக்கத்தில் அவன் ஊர் எருமையைப் பற்றிய பேச்சுத்தான். உள்ளுறை தெரியாதவன் இங்கே பாதிச் சுவையை இழப்பான்.

ஆனால் எருமை முதலில் வரவேண்டும். நான் பயின்ற பள்ளியில் அது வருமுன்பே அதன் பொருள் வந்துவிட்டது. எருமையாவது தலைவன், தாமரையாவது பரத்தை என்று மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அந்தக் கயிறு அறும் ஓசை என் செவியில் விழப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு பருவம் முழுவதும் தமிழ்ப் பாட்டின்மேல் எனக்கிருந்த கசப்பிற்கு வேறு காரணம் தெரியவில்லை. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில், எழுப்பப்படும் பெண்கள் பதின்மரை ஆழ்வார்களாகக் காண்பது வைணவ மரபு. அப்பொருளையும், மார்கழி விடியலின் குளிரை உணர்ந்தவனிடம் சொன்னாலன்றோ அது நெஞ்சில் தங்கும்?

மீண்டும் திருச்சுழிச் சிறுவனிடம் வருவோம். அவர் அண்ணாமலையில் விரூபாட்சக் குகையில் வாழ்ந்த நாளில், உடனிருந்த சாதுக்கள் ஊருக்குள் பிச்சைக்குச் செல்வர். அவர்கள் பெயரைச் சொல்லி வேறு சிலரும் வாங்கத் தொடங்கவே, தமக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அவ்வாறு பிறந்தது 108 கண்ணிகள் கொண்ட அருணாசல அட்சரமணமாலை. சில கண்ணிகளுக்குப் பொருள் என்ன என்று அன்பர்கள் பிற்காலத்தில் அவரையே வினவினர். பாடியபோது தாம் ஒன்றும் எண்ணவில்லை, வந்தபடி எழுதினேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள், நானும் எண்ணிப் பார்க்கிறேன் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். பாடியவரே பொருள் தேடுவோர் வரிசையில் வந்து அமர்ந்துகொண்டார்!

அம்மாலைக்கு விரிவான விருத்தியுரை எழுதியவர், இராமநாதபுரத்துப் புலவர் முருகனார். நுட்பமான உரை, கற்கத் தக்கது. ஆயினும் அவ்வுரை தோன்றுமுன்பே, தெருக்கோடியில் அப்பாட்டொலி கேட்ட அளவில், வந்தவர் இன்னார் என்று அறிந்து, திருவண்ணாமலை இல்லத்தரசியர் சோற்றுடன் வாயிலுக்கு வந்து நின்றனர்.