கொண்டுசெல்லப்பட்டவளும் வெளியேறியவளும்

இவ்வுரையின் தலைப்பில் இரண்டு வினைகள் உள்ளன. ஒன்று செயப்பாட்டு வினை, மற்றொன்று செய்வினை. கொடுமை செய்யும் கணவனை விட்டுப் புறப்படும் பெண்ணை இந்நாட்டுச் சட்டம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக எவ்வாறு கண்டது என்பதை இவ்விரு வினைகளுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கொண்டே அளந்துவிடலாம். சட்டத்தைப் பற்றிப் பேச மொழிநூலாருக்கு என்ன உரிமை என்று வழக்கறிஞர்கள் கேட்கக்கூடும். ஒரு தொடரில் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று கேட்பது நம் தொழில். சட்டமும் தொடர்களால் ஆனதுதான்.

1860இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஒரு தண்டனைச் சட்டம் ஆக்கப்பட்டது. பினாங்குத் தீவும், எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணமும், அதாவது இன்றைய செபராங் பிறையும், அச்சட்டத்தின் கீழ் வந்தன. நாம் கூடியிருக்கும் பட்டர்வொர்த் அந்த மாகாணத்தின் துறைமுக ஊர். (ஊருக்குப் பெயர் தந்த ஆளுநர் பட்டர்வொர்த் சென்னைப் படையில் பணியாற்றியவர், நம் மக்களைப் போல் அவரும் சென்னை வழியாக வந்தவரே.) பின்னாளில் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் நிலைபெற்ற 498ஆம் பிரிவு இந்திய மூலத்தின் வழிவந்தது. பிறன் மனைவி என்று அறிந்தும், தகாத உறவு கொள்ளும் நோக்கத்தோடு ஒருத்தியை அவள் கணவனிடமிருந்து அழைத்துச் செல்வதும், ஆசைகாட்டிக் கவர்ந்து செல்வதும், மறைத்து வைப்பதும் குற்றம் என்றது அப்பிரிவு. அதற்கு ஈராண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இத்தொடரின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய், அழைத்துச் செல்லும் ஆடவன். பாதிக்கப்பட்டவன், இழந்த கணவன். பெண் செயப்படுபொருள். அவள் தன் விருப்பத்தோடு போனாளா, போகத் தூண்டிய காரணம் என்ன, வீட்டில் அவளுக்கு நேர்ந்தது என்ன என்னும் வினாக்களுக்கு இத்தொடரில் இடமில்லை. அவளைச் சட்டம் தண்டிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நகை திருடுபோனால் நகையையும் எவரும் தண்டிப்பதில்லை. தகாத நோக்கம் இல்லாமல் அடைக்கலம் கொடுத்தவரை இப்பிரிவு தண்டிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் கணவன் காவல் நிலையத்தில் முறையிடுவான் என்னும் அச்சம் ஒன்றே பல கதவுகளை மூடிவிடப் போதுமானது.

இச்சட்டம் வந்த காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் கரும்புத் தோட்டங்களின் நாடாக இருந்தது. 1840கள் தொட்டு அங்கே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. வந்தவர்களில் ஆண்களே மிகுதி. பெண்கள் மிகச் சிலர். பின்னர் ரப்பர்த் தோட்டங்களில் கங்காணி முறை பரவியபோது குடும்பங்கள் பெருகின. லயன் வீடு தோட்ட நிருவாகத்தின் உடைமை. அருகில் உறவினர் இல்லை. பிறந்த வீடோ கடலுக்கு அப்பால். தமிழ்நாட்டுச் சிற்றூரில் அடிபட்ட பெண் அண்ணன் வீட்டுத் திண்ணைக்காவது போய்ச் சேரலாம். இங்கே அந்தத் திண்ணையும் இல்லை. பெண்ணோடு கடல் கடத்தல் மரபன்று என்று தொல்காப்பியம் விதிக்கிறது. அந்த விதியை மீறிக் கடல் கடந்து வந்த பெண்களுக்குத் திரும்பிப் போகும் வழியை எவரும் வகுத்து வைக்கவில்லை.

வரலாற்றாய்வாளர் அருணிமா தத்தா, மலாயாத் தோட்டங்களில் உழைத்த இந்தியப் பெண்களைப் பற்றிய தம் நூலை 2021இல் வெளியிட்டார். காலனிய ஆவணங்கள் ஒன்று பெண்ணைப் பரிதாபத்துக்குரிய பேதையாக்கும், அல்லது ஒழுக்கம் கெட்டவளாக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே, தன் நிலையைத் தானே எண்ணிப் பார்த்து முடிவெடுத்த பெண்ணை அந்நூல் தேடுகிறது. தேடவேண்டியிருக்கிறது என்பதே ஆவணங்களின் குணத்தைக் காட்டிவிடுகிறது.

வெள்ளையர் எழுதிய சட்டத்தை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. நம் மொழியையும் பார்ப்போம். அகப்பொருளில் பிரிவு என்பது தலைவனின் தொழில். ஓதவும், தூது செல்லவும், பொருள் தேடவும், போர் புரியவும் அவன் பிரிவான், அவள் ஆற்றியிருப்பாள். அவள் வீட்டை விட்டுப் புறப்படும் இடம் ஒன்று உண்டு. அது உடன்போக்கு, பெயரிலேயே ‘உடன்’ இருக்கிறது. தொல்காப்பியர் அதனைக் ‘கொண்டுதலைக்கழிதல்’ என்கிறார். கொண்டு செல்பவன் தலைவன். அன்பினால் நிகழும் அப்போக்கை 498ஆம் பிரிவோடு ஒப்பிட நாம் துணியவில்லை. ஆனால் பெண் தனியாக, தன் கால்களால், கணவன் வீட்டிலிருந்து பெயர்வதற்கு அகத்திணையில் ஒரு துறை இல்லை. உலக வழக்கு இன்னும் கடுமையானது. ‘வாழாவெட்டி’ என்றோம். ‘ஓடிப்போனவள்’ என்றோம். முன்னதற்கு ஆண்பாற் சொல் இன்றுவரை பிறக்கவில்லை. ‘அறுத்துக்கட்டுதல்’ என்னும் வழக்கு சில சமூகங்களில் மண முறிவுக்கும் மறுமணத்துக்கும் வழி வைத்திருந்தது. அதை இழிவழக்கென்று ஒதுக்கியவர்களுள் படித்தவர்களே மிகுதி.

விடுதலைக்குப் பின்னரும் நிலைமை மெல்லத்தான் மாறியது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே 1982இல் மகளிர் உதவி அமைப்பு கொடுமைக்குள்ளான பெண்களுக்கென ஓர் அடைக்கல இல்லத்தை அமைத்தது. இலண்டனில் எரின் பிட்ஸி முதல் இல்லத்தைத் திறந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. 1985இல் பினாங்கில் மகளிர் நெருக்கடி மையம் பிறந்தது. அதுவே இன்று மகளிர் மாற்ற மையம் எனப்படுவது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. என்றாலும் பெருநிலக்கரைப் பெண்ணுக்குப் படகு ஒன்றே வழியாக இருந்த காலம் அவ்வாண்டோடு முடிந்தது என்பதை நினைத்துக்கொள்கிறோம். இன்று அம்மையத்தின் கிளை பட்டர்வொர்த்திலேயே, கம்போங் காஜாவில் இயங்குகிறது.

பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்த்துப் பல அமைப்புகள் 1985இல் கூட்டு நடவடிக்கைக் குழுவாக இணைந்தன. அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் ஐரின் பெர்னாண்டஸ். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, சுங்கைப் பட்டாணியில் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்குள் நடப்பதற்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று கேட்டபோது அது குடும்ப விவகாரம் என்பதே முதல் விடையாக வந்தது. இரண்டாம் விடை அதிகார எல்லை பற்றியது: முஸ்லிம்களின் குடும்பச் செய்திகள் சமய நீதிமன்றங்களுக்கு உரியவை அல்லவா? இதற்குக் கண்ட தீர்வு நுட்பமானது. புதிய சட்டத்தைக் குடும்பச் சட்டமாக வைக்காமல் தண்டனைச் சட்டத்தோடு பிணைத்துக் குற்றவியல் பக்கம் வைத்தனர். அதனால் அது எல்லாச் சமயத்தாருக்கும், தமிழ் முஸ்லிம்களுக்கும் சேர்த்துப் பொதுவாயிற்று. 1994இல் நிறைவேறிய குடும்ப வன்முறைச் சட்டம் 1996 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் இந்தியாவும் இத்தகைய சட்டத்தை 2005இல்தான் இயற்றின.

மலாயில் இச்சட்டத்தின் பெயரில் உள்ள ‘ருமா தாங்கா’ என்பது இல்லறத்தைக் குறிக்கும் தொடர். ருமா வீடு, தாங்கா அவ்வீட்டின் ஏணிப்படி. வீட்டுக்குள் ஏறவும் வீட்டிலிருந்து இறங்கவும் உதவும் படி.

தமிழருக்கு இச்சட்டத்தில் மிகப் பயனுள்ளது, ‘துணைவர்’ என்னும் சொல்லுக்கு அது தரும் விளக்கம் என்பது நம் மதிப்பீடு. சமயம் அல்லது வழக்கப்படி திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு செய்யப்படாவிட்டாலும் அவர் துணைவரே. கோயிலில் தாலி கட்டி, பதிவு இலாகாவுக்குப் போகாமல் விட்ட இணைகள் நம்மிடையே உண்டு. ‘பதிவே இல்லை, நீ எனக்கு யார்?’ என்று கேட்கும் கணவனுக்குச் சட்டம் விடை வைத்திருக்கிறது. ஆனால் எச்சடங்கும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்கள் இதன் வெளியே நிற்கிறார்கள். அது ஒரு குறைதான்.

‘ஏன் அவள் அப்போதே வெளியேறவில்லை?’ என்ற வினாவை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம், அல்லது பிறர் கேட்கக் கேட்டிருக்கிறோம். அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா மகோனி 1991இல் இவ்வினாவையே மறித்தார். பல பெண்கள் வெளியேறத்தான் செய்கிறார்கள். வெளியேறும்போதும் வெளியேறிய பின்னும்தான் தாக்கப்படுகிறார்கள். அவளைப் போகவிடாமல் தடுக்கவும், மீட்டுக் கொண்டுவரவும், போனதற்காகப் பழிவாங்கவும் நிகழும் தாக்குதலுக்கு அதுவரை பெயர் இல்லை. அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘பிரிவுத் தாக்குதல்’ எனலாம். மார்கோ வில்சனும் மார்ட்டின் டேலியும் 1993இல் கனடா, ஆஸ்திரேலியா, சிக்காகோ ஆகிய இடங்களின் கொலைப் பதிவுகளை ஆராய்ந்து, கணவனோடு வாழும் பெண்ணைவிடப் பிரிந்துசென்ற பெண்ணுக்கே கணவனால் கொல்லப்படும் இடர் மிகுதி என்று காட்டினர். அடிக்கும் வீட்டைத் தாண்டிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணி, துணிவு சொல்லி அவளை அன்றே வெளியேற்றிவிடும் நல்லுள்ளங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

ஆகவே வெளியேறுதல் ஒரு நாள் நிகழ்ச்சியன்று. முன்னேற்பாடு தேவைப்படும் செயல். துணை அமைப்புகள் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவே. போகப்போவதைச் சண்டைக்கு நடுவே கணவனிடம் சொல்லாதிருத்தல். அவன் வீட்டில் இல்லாத நேரத்தைத் தேர்தல். மைகார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து, சிறிது பணம் ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே சேர்த்துவைத்தல். கைப்பேசி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுதல். மறந்த பொருளுக்காகத் தனியே திரும்பிப் போகாதிருத்தல். காவலரோடு சென்று உடைமைகளை எடுத்துவர நீதிமன்ற ஆணை இடம் தருகிறது. காயமிருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலுள்ள ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தை நாடலாம். கோலாலம்பூரில் 1990களின் நடுவில் தொடங்கிய இந்த ஏற்பாடு பின்னர் பிற மருத்துவமனைகளுக்கும் பரவியது. உடனடி ஆபத்தில் 999. நல இலாகாவின் உதவிக்கு ‘தாலியான் காசே’யின் 15999.

புறப்படும் அந்த நாளைச் சட்டம் கண்டுகொண்டது மிகப் பிந்தித்தான். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும் பாதுகாப்பு ஆணையும் இருந்தன. முன்னது காவல்துறை விசாரணையோடும் பின்னது வழக்கோடும் கட்டுண்டவை; இரண்டையும் தரவேண்டியது நீதிமன்றம். வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகளோடு தெருவில் நிற்பவளுக்கு நீதிமன்றம் திறந்திருக்காது. 2017இல் நிறைவேறிய திருத்தம் அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொண்டுவந்தது. அதனைச் சமூக நல அதிகாரியே வழங்கலாம். போலீஸ் புகார் முன்நிபந்தனையன்று. ஏழு நாள் செல்லும். ஏழு நாள் குறைவுதான். ஆனால் மிக ஆபத்தான ஏழு நாள் அது. மனத்தளவிலான கொடுமையைக் குடும்ப வன்முறை என ஏற்ற திருத்தம் அதற்கு முன்பே, 2012இல், வந்திருந்தது.

இத்தனைக்கும் பிறகும் 498ஆம் பிரிவு தண்டனைச் சட்டத்தில் இருந்தது! வெளியேறுபவளைக் காக்கும் சட்டமும், அவளைக் கொண்டுசெல்லப்பட்ட பொருளாகக் கருதிய சட்டமும் ஒரே நாட்டில் இருபத்தேழு ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தன. 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவு அரசமைப்பின் 8ஆம் விதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கணவனுக்கு மட்டும் உள்ள முறையீட்டு உரிமை மனைவிக்கு இல்லை என்னும் பாகுபாடே அடிப்படை.

இடர் முழுதும் நீங்கிவிடவில்லை. மணவிலக்குக் கோருவோர் முதலில் இணக்கக் குழுவின் முன் செல்ல வேண்டும் என்று திருமணச் சட்டத்தின் 106ஆம் பிரிவு விதிக்கிறது. விலக்குகள் உண்டு, சிறப்புச் சூழ்நிலை என்று காட்டினால் நீதிமன்றம் விட்டுவிடலாம். ஆனால் இதை அறியாத பெண், தான் தப்பி வந்தவனோடு ஒரே மேசையில் அமர நேரும். போகும் முன் சட்ட உதவி பெறுவது இதற்காகவும்தான்.

பிள்ளைகள் பற்றி ஒரு செய்தி, ஆசிரியர்களுக்காக. தாய்க்கும் தந்தைக்கும் சமமான காப்பாளர் உரிமையை 1999ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அளித்தது. அதற்கு முன் தந்தையே காப்பாளர். பழைய எண்ணம் பள்ளி அலுவலகங்களில் இன்னும் மறையவில்லை. பாதுகாப்பு ஆணை வீட்டை மட்டுமன்றிப் பணியிடத்தையும் பள்ளியையும் உள்ளடக்கலாம். ஐம்பது மீட்டருக்குள் நெருங்கக்கூடாதென்றும் விதிக்கலாம். ஆணையின் நகல் பள்ளியில் இருந்தால்தான் வாயிற்காவலருக்குக் கூட அது தெரியும். ஓடி ஒளிந்திருக்கும் தாயைக் கண்டுபிடிக்க எளிய வழி, பிள்ளை எந்தப் பள்ளிக்கு மாறியது என்று பழைய பள்ளியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. அழைப்பவர் மரியாதையாகத்தான் பேசுவார். தந்தை என்றே சொல்வார். பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் அவருக்குச் சரியாகத் தெரியும். தொலைபேசியை எடுப்பவர் யாராயினும், எண்ணைக் குறித்துக்கொண்டு, தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிடலாம்.