சீராக்கிய இடர் வேறுபாடு: மலேரியாவும் திருகோணமலையும்

சீராக்கிய இடர் வேறுபாடு என்பது ஒரு காரணிக்கு ஆளானோர், ஆளாகாதோர் ஆகிய இரு சாராரின் நோய் அல்லது இறப்பு வீதங்களை, வயது, வறுமை, வாழிடம் ஆகியவற்றில் ஒப்பாக்கியபின் கழித்துப் பெறும் அளவு. விகிதம் 'எத்தனை மடங்கு' என்று சொல்லும். வேறுபாடு 'ஆயிரம் பேரில் எத்தனை பேர்' என்று சொல்லும். மருந்துக்கும் ஆளுக்கும் பணம் ஒதுக்குவோருக்கு வேண்டியது பின்னதுதான்.

இலங்கையில் 'ஆயிரம் பேரில் எத்தனை பேர்' என்ற கேள்வி மலேரியாவை ஒட்டிக் கூர்மையடைந்தது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும் திருகோணமலை மாவட்டம், உலர் வலயத்தின் ஏனைய பகுதிகளைப் போலவே காய்ச்சல் நீங்காத நிலமாக இருந்தது. ஆறு வற்றும்போது படுகையில் தேங்கும் குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகும். 1946 முதல் டி.டி.ரி. பூச்சிக்கொல்லித் தெளிப்பு நாடெங்கும் விரிந்தது. அவ்வாண்டு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆனது.

ஆயிரத்துக்கு ஆறு உயிர் என்னும் இந்த வெறுங்கழித்தலை முழுவதும் டி.டி.ரி.யின் பேரில் எழுதலாமா? மலேரியா குறைவாயிருந்த ஈர வலயத்திலும் அக்காலத்தில் இறப்பு குறைந்தது. உணவு, மருத்துவ வசதி ஆகியவற்றின் பங்கை மறக்கக் கூடாது என்று 1967இல் ஆய்வாளர் எஸ். ஏ. மீகம வாதிட்டார்.

இப்பங்குகளைப் பிரித்தறியப் பொருளியலாளர் பீட்டர் நியூமன் மாவட்டங்களை ஒப்பிட்டார். மண்ணீரல் வீங்கிய சிறுவர்களின் விழுக்காட்டை மலேரியாவின் அளவுகோலாக்கி, இறப்பு வீழ்ச்சியை அதனுடன் நேர்கோட்டுச் சமன்பாட்டில் பொருத்தினார். மலேரியாவே இல்லாதிருந்தாலும் நேர்ந்திருக்கக்கூடிய வீழ்ச்சியைக் கழித்தபோது, போருக்குப் பிந்தைய வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு சுமார் 42% என்று கண்டார். 1974இல் ஆர். எச். கிரே மறுபடி கணித்து 23% என்றார். எதை எப்படிச் சீராக்குவது என்ற தெரிவே விடையை ஏறக்குறைய பாதியாக்கிவிட்டது. துறைமுக நகரவாசியையும் கந்தளாய் வயற்காரரையும் ஒரே மாவட்டச் சராசரியில் அடைத்ததே இவ்வகை ஒப்பீட்டின் பெருங்குறை என்பது என் கருத்து.

சராசரிக்குள் கலந்தோரைப் பிரித்து ஒப்பிடும் கருவிகள் மெல்ல வந்தன. வயதைச் சீராக்கும் முறை 1844இல் இலண்டனில் நீசன் காட்டியது. மாண்டலும் ஹென்செலும் 1959இல் தந்த அடுக்குமுறை ஒப்பீடு விகிதத்துக்கானது. வேறுபாட்டுக்கு அதைக் கிரீன்லாந்தும் ராபின்சும் 1985இல் விரித்தனர். காரணிகளின் விளைவுகளைக் கூட்டி நிகழ்தகவை நேரடியாகப் பொருத்தும் சமன்பாடு பூச்சியத்துக்குக் கீழும் ஒன்றுக்கு மேலும் போய்விடுவதால், கணினி சிலவேளை விடையே தராது. ஆகவே இன்று பலர், ஒவ்வொருவருக்கும் 'ஆளாகியிருந்தால்', 'ஆளாகாதிருந்தால்' என இரு நிகழ்தகவுகளைக் கணித்து, அவற்றின் சராசரிகளைக் கழிக்கிறார்கள். மலேரியா இல்லாத மாவட்டத்தை நியூமன் கற்பனை செய்தது இந்த வழியின் பழைய வடிவமே.