தெசலோனிக்கேயில் சிந்திய இரத்தம்



ஒருவன் இறைவனுடைய கட்டளையை மீறினால், அஃது அவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்ட காரியம், பிறர்க்கு அதில் என்ன என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு விடையாகத் திருச்சபை வரலாற்றில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். நிகழ்ந்த ஆண்டு கி.பி. 390. இடம், பவுல் அப்போஸ்தலர் இரு நிருபங்கள் எழுதிய அதே தெசலோனிக்கே நகரம்.

அக்காலத்தில் உரோமப் பேரரசை ஆண்டவர் தெயோதோசியுஸ். 380ஆம் ஆண்டில் கடும் நோயுற்றிருந்தபோது, இதே தெசலோனிக்கேயில்தான் ஆயர் அக்கோலியுசின் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தமக்குத் திருமுழுக்கு அளித்த நகரத்தையே பத்தாண்டுகளின் பின் அவர் இரத்தத்தில் முழுகச் செய்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நடுங்குகின்றது.

காரணம் அற்பமானதொன்று. மக்களின் அபிமானத்துக்குரிய தேரோட்டி ஒருவனை ஒழுக்கக் குற்றத்துக்காகப் படைத்தலைவர் புத்தேரிக்கு சிறையிலிட்டார். தேர்ப்பந்தய நாள் வந்தது, அவனை விடுவிக்கும்படி மக்கள் கேட்டனர், அவர் மறுத்தார். கலகம் மூண்டது, படைத்தலைவர் கொல்லப்பட்டார். செய்தி மிலான் நகரில் இருந்த பேரரசருக்கு எட்டியது. அவர் முற்கோபி. விசாரணை எதுவுமின்றி நகரத்தைத் தண்டிக்க ஆணை பிறந்தது. சினம் தணிந்த பின் அவ்வாணையை மீட்க மற்றோர் ஆணை விடுத்தார் என்பர். ஆனால் முந்தியது முந்திவிட்டது.

பந்தயத் திடலில் கூடிய மக்களைப் படைவீரர் சூழ்ந்து வெட்டினர். மாண்டோர் 7,000 பேர் என்று தியோதொரேத்து எழுதுகின்றார். அவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின் எழுதியவராதலின் அத்தொகையை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. சொசோமேன் என்னும் மற்றோர் ஆசிரியர் ஒரு வணிகனைப் பற்றிக் கூறுகின்றார். பிடிபட்ட தன் இரு மைந்தருக்கு ஈடாகத் தன் உயிரையும் பொருளையும் அவன் கொடுக்க முன்வந்தான். ஒருவனை மட்டும் தெரிந்தெடு என்றனர் வீரர். இருவரையும் மாறி மாறிப் பார்த்து அழுத தந்தையால் தெரிய இயலவில்லை. இருவரும் மாண்டனர். கலகத்தோடு தொடர்பேதுமற்ற அவ்விளைஞர், மிலானில் ஒருவர் கொண்ட கோபத்துக்கு விலை கொடுத்தனர்.

இனி மிலான் ஆயர் அம்புரோசின் செயலைக் காண்போம். ஆலய வாயிலில் அவர் பேரரசரை மறித்து நின்றதாக ஓவியர் பலர் வரைந்துள்ளனர். அக்காட்சி பிற்காலத்தார் சேர்த்த அலங்காரம் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் முடிபு. உண்மை அதனிலும் நுண்ணியது. பேரரசர் நகர் திரும்பும் வேளையில் நோயைக் காரணங்காட்டி ஆயர் வெளியேறினார். பேரரசர் மட்டுமே படிக்கும் பொருட்டுத் தம் கைப்பட ஒரு கடிதம் வரைந்தார். தாவீது அரசன் தன் குற்றத்தை ஏற்றதை அதில் நினைவூட்டினார். தாவீது குடிக்கணக்கு எடுத்த தவற்றால் கொள்ளைநோயில் மடிந்தவர்கள் குடிமக்களே அன்றோ? பேரரசர் மனம் வருந்தும்வரை அவர் முன்னிலையில் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தம்மால் இயலாது என்றும் எழுதினார்.

அம்புரோசும் குறையற்றவர் அல்லர். 388இல் கல்லினிக்கும் என்ற ஊரில் கிறிஸ்தவர் எரித்த யூதர் தொழுகைக்கூடத்தை மீளக் கட்டித்தரும்படி பேரரசர் நீதியாகவே பணித்தபோது, அதனைத் தடுத்தவர் இதே ஆயர். அங்கும் பிறர் செய்த பிழையின் சுமை யூதர்மேல் விழுந்தது.

எனினும் 390இல் அவர் காட்டிய உறுதி வீண்போகவில்லை. அரச சின்னங்களைக் களைந்து, சபையார் முன்னிலையில் பேரரசர் அழுது மன்னிப்பு வேண்டினார். பல மாதங்கள் தவம் நோற்றபின், அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவின்போது திருவிருந்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார். கடுந்தண்டனை ஆணைகளை நிறைவேற்றுமுன் 30 நாள் பொறுக்க வேண்டும் என்ற சட்டமும் இதன் பயனே என்பர். சட்டத்தொகுப்பில் அதன் திகதி 382 என்றிருப்பதால் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

395ஆம் ஆண்டு தை மாதத்தில் தெயோதோசியுஸ் மிலானில் உயிர் நீத்தார். இரங்கலுரை நிகழ்த்திய அம்புரோஸ், இளம்பேரரசர் ஒனோரியுஸ் கேட்டிருக்க, தந்தை ஆலயத்தில் சிந்திய கண்ணீரை எடுத்துரைத்தார். அக்கண்ணீருக்குக் காரணமான வணிகனின் மைந்தர் இருவருடைய பெயர்களையும் சொசோமேன் குறித்துவைக்கவில்லை.