வண்டியை யாரிடம் விடுவது? - ஒரு பட்டறை வரலாறு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கார் இல்லை. இருந்திருந்தால் "காரை மாற்றிக் கட்டிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்!

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை போன்ற ஓர் ஊரில் ஒருவர் கார் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சர் ஒட்டவும் ஆயில் மாற்றவும் பக்கத்திலேயே ஆள் கிடைக்கும். ஆனால் உட்காரும் அமைப்பை மாற்ற வேண்டும், எரிவாயு கிட் பொருத்த வேண்டும், கால் நடக்க முடியாதவர் ஓட்டுவதற்காகக் கையால் இயக்கும் பிரேக் வைக்க வேண்டும் என்றால் புதுக்கோட்டை, திருச்சி, கரூர் என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். போகிற இடமெல்லாம் "நம்மகிட்ட விடுங்க சார், பார்த்துக்கலாம்" என்பார்கள். யாரை நம்புவது?

இது இன்றைக்கு வந்த கேள்வி அல்ல. கார் பிறந்தபோதே கூடப் பிறந்தது.

குதிரை வண்டிக்காரர்களின் காலம்

ஆரம்ப காலத்தில் வசதி படைத்தவர்கள் பலர் முழு காரை வாங்கவில்லை. எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த சேஸிஸை ஒரு கம்பெனியில் வாங்கி, அதன் மேல் உட்காரும் பாடியை வேறொரு பட்டறையில் கட்டிக்கொண்டார்கள். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியே பல பத்தாண்டுகள் சேஸிஸ் மட்டும்தான் விற்றது. பாடி கட்டியவர்கள் யார்? அதுவரை குதிரை வண்டி செய்தவர்கள்தான்.

சென்னையிலும் இதே கதைதான். 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்து பெயர் வாங்கியது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவி காரை உருவாக்கிச் சென்னைத் தெருக்களில் ஓட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவி கார் என்று அதைச் சொல்கிறார்கள். அறுபது வருடம் வண்டி செய்த கைகள் என்பதே அந்தக் கால வாடிக்கையாளருக்குப் போதுமான உத்தரவாதம்.

ஆசைக்கு மாற்றிக் கட்டுவதும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் மேத்யூசன் என்ற பணக்காரர் 1910 வாக்கில் இங்கிலாந்தின் புரூக் கம்பெனியில் சொல்லி அன்னப்பறவை வடிவத்தில் ஒரு கார் செய்துகொண்டார். அன்னத்தின் அலகிலிருந்து ஆவி சீறும்! கூட்டம் மிரண்டு ஓடியதால் போலீசார் அதைத் தெருவில் ஓட்டக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இன்று அந்தக் கார் நெதர்லாந்தில் ஒரு மியூசியத்தில் நிற்கிறது. 'பட்டறை செய்து கொடுத்தது, அரசு ஓட்ட விடவில்லை' என்ற கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

புதுக்கோட்டை ரோட்டில் வந்த பஸ்

நம் பக்கத்துச் சாதாரண மக்களுக்கு மோட்டார் அறிமுகமானது காராக அல்ல, பஸ்ஸாக. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ஐ ஒட்டி பஸ் தொழிலில் இறங்கினார். தொடக்க காலத்தில் அவர் பஸ் ஓட்டிய வழிகளில் தஞ்சாவூர் - புதுக்கோட்டை வழியும் ஒன்று. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம்.

வெளிநாட்டிலிருந்து சேஸிஸ் வரும். நம்மூர் மரத்தில் நம்மூர் ஆசாரிகளும் கொல்லர்களும் பாடி கட்டுவார்கள். மாட்டு வண்டிக்கு இருசு கடைந்த அறிவு மோட்டாருக்குக் கைமாறியது இப்படித்தான். பின்னாளில் மதுரையில் டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஜனங்கள் பேசும் அளவுக்கு அதன் நேரம் தவறாமை பெயர் பெற்றது. நேரம் தவறாத பஸ்ஸுக்குப் பின்னால் ஒழுங்கான ஒர்க்ஷாப் இருந்தே ஆக வேண்டும் அல்லவா?

கரி வண்டி காலம்

இரண்டாம் உலகப் போரின்போது (1939-45) பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ் நின்றுவிடக் கூடாது. என்ன செய்வது? வண்டியில் ஒரு உருளை அடுப்பைப் பொருத்தி, அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவை எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். புறப்படும் முன் ஆள் நின்று காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். "கரி பஸ்" என்று தாத்தாக்கள் சொல்வது இதைத்தான். டி.வி.எஸ். நிறுவனமும் இந்தக் கரிவாயு பிளாண்டுகளைச் செய்து விற்றது.

நம் நாட்டில் பெரிய அளவில் நடந்த முதல் வாகன மாற்றம் என்றே இதைச் சொல்லலாம். இதில் ஒரு ஆபத்தும் இருந்தது. அந்த வாயுவின் முக்கியப் பகுதி கார்பன் மோனாக்சைடு. குழாய் இணைப்பு சரியில்லை என்றால் கசிந்து ஆளையே கொல்லும். பட்டறையின் கைச்சுத்தம் பயணியின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதைப் போர்க்காலம் சொல்லிக் கொடுத்தது.

போருக்குப் பின் டீசல் வந்தது. டீசல் மலிவு என்பதால் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றும் வேலை பட்டறைகளில் மும்முரமாக நடந்தது. அம்பாசிடர் காரில் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அது ஆடம்பரம் அல்ல, பிழைப்பு.

கரூர் சொல்லும் பாடம்

இன்று பஸ் பாடி என்றாலே கரூர். தென்மாநிலங்களின் தனியார் பஸ் முதலாளிகள் சேஸிஸோடு அங்கே போய் நிற்கிறார்கள். லாரி பாடிக்கு நாமக்கல், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு. ஏன் ஒரே ஊரில் இத்தனை பட்டறைகள்?

இதற்கு வணிகவியல் ஒரு விடை வைத்திருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டுக் குறைந்த விலையே கேட்பான். நல்ல காரை வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான் என்றார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

பட்டறைக்கும் இது அப்படியே பொருந்தும். பெயிண்டுக்கு அடியில் என்ன வெல்டிங் என்று வண்டிக்காரருக்குத் தெரியாது. கரூர் போன்ற ஊர்களில் இந்தக் குறையைப் பெயர் சரிக்கட்டுகிறது. கட்டியவர் பெயர் பஸ்ஸின் மேலேயே இருக்கும். ஐந்து வருடம் ஓடிய பஸ்ஸைப் பார்த்து, அதன் முதலாளியிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவர் ஆர்டர் கொடுப்பார். ஒரு பஸ்ஸில் ஏமாற்றினால் ஊரெங்கும் பேச்சாகிவிடும். பட்டறைக்குக் கணக்குப் புத்தகத்தில் ஏறாத பெரிய சொத்து இந்த நற்பெயர்தான்.

கார்க்காரருக்கு இந்த வசதி இல்லை. அவர் வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் இந்த வேலைக்குப் போகிறார். அதனால்தான் சுலபமாக ஏமாறுகிறார்.

எங்கே மாறியது?

இரண்டு விஷயங்கள் பழைய கணக்கை மாற்றிவிட்டன. ஒன்று, காரின் உடம்பு. காலப்போக்கில், தனிச் சேஸிஸ் இல்லாத, பாடியே எலும்புக்கூடாக இருக்கும் கார்கள் பெருகின. பழைய வண்டியில் பாடியை வெட்டினால் சட்டையை வெட்டிய மாதிரி. இப்போது வெட்டினால் எலும்பை வெட்டிய மாதிரி!

இரண்டாவது, சட்டம். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு 2000-ல் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று அது சொல்கிறது. எரிபொருள் மாற்றும் கிட்டுக்கு நிபந்தனையோடு இடம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இந்தத் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. இந்தத் தண்டனை வண்டி உரிமையாளருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அதே நேரத்தில் மாற்றுத் திறனாளிகளுக்காக வண்டியை மாற்றிக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

ஆக, நூறு வருடத்தில் நல்ல பட்டறையின் அடையாளம் மாறியிருக்கிறது. அன்று "எதையும் செய்து தருவோம்" என்றவர் கெட்டிக்காரர். இன்று ஆர்.சி. புத்தகத்தை முதலில் கேட்பவர், எஸ்டிமேட்டை எழுதிக் கொடுப்பவர், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருபவர், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி வாருங்கள் என்பவர், தேவைப்பட்டால் "இது வேண்டாம் சார், ஆபத்து" என்று வருகிற பணத்தை வேண்டாம் என்பவர்... அவர்தான் நம்பகமானவர்.

அப்படி ஒருவர் திருச்சியிலும் இருக்கலாம், கிராமத்துப் புளியமரத்தடியிலும் இருக்கலாம். போர்டைப் பார்த்துத் தெரியாது. அவர் ஐந்து வருடம் முன்பு செய்த வண்டியைப் பார்த்தால் தெரியும்.