ஒரு வண்ணத்துப்பூச்சியும் மூன்று பெயர்களும்

திருவொற்றியூரில் என் வீட்டு முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. ஒருநாள் காலையில், கரிய சிறகுகளில் வெண்பட்டைகளும் செம்புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று அச்செடியைச் சுற்றி வந்தது. அதைப் படம் எடுத்தேன். நூலிலுள்ள படத்தோடு ஒப்பிட்டு, ‘இது கிரிம்சன் ரோஸ்’ என்று குறித்தும் வைத்தேன். அப்படத்தைப் பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர், “ஐயா, இதன் உடல் கறுப்பாக இருக்கிறதே!” என்றார். என் முடிவு அக்கணமே சரிந்தது.

கிரிம்சன் ரோஸின் தலையும் உடலும் சிவந்திருக்கும். நான் கண்டதோ காமன் மார்மன் என்னும் வேறோர் இனத்தின் பெண். சிறகுகள் ஏறக்குறைய ஒன்றே, உடல்தான் வேறு. செடியும் இதற்குச் சாட்சி சொல்லிற்று. மார்மனின் புழு கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றின் இலைகளைத் தின்னும். ரோஸின் புழு தின்பது ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி போன்ற நச்சுச் செடிகளை. ஆதலால் ரோஸைப் பறவைகள் விரும்புவதில்லை. நஞ்சற்ற மார்மன் பெண்ணோ, அதன் கோலத்தைப் பூண்டு உயிர் தப்புகிறது. இத்தகைய போலி வேடத்தின் பயனை 1862-ஆம் ஆண்டில் ஹென்றி வால்டர் பேட்ஸ் விளக்கினார்.

இதில் ஏமாந்தவன் நான் ஒருவன்தானா? 1758-ஆம் ஆண்டில் உயிரினங்களுக்குப் பெயரிட்ட பேரறிஞர் லின்னேயஸ், மார்மனின் ஆணுக்குப் ‘பாமன்’ என்றும், பெண்ணின் ஒரு வடிவத்துக்குப் ‘பாலிடீஸ்’ என்றும் தனித்தனிப் பெயர் சூட்டினார். மற்றொரு பெண் வடிவத்துக்குக் க்ராமர் என்பவர் ‘ரோமுலஸ்’ என்று பெயரிட்டார். ஓர் இனத்துக்கு மூன்று பெயர்கள்! அவர்கள் முன் இருந்தவை, ஊசியில் குத்திய உயிரற்ற உடல்கள். எது எதற்குத் தாய், எது எதற்கு மகள் என்பதை அவை எப்படிச் சொல்லும்?

மலாய்த் தீவுகளில் எட்டாண்டுகள் அலைந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், ஒரே இனத்தின் பெண்கள் பல வடிவங்களில் தோன்றுவதை 1865-ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பின்னர் ஃப்ரையர் என்னும் ஆய்வாளர் இலங்கையில் இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அவ்வடிவங்கள் மரபுவழி வருவதை 1913-இல் வெளியிட்டார். குண்டேயும் அவர்தம் குழுவினரும், ‘டபுள்செக்ஸ்’ என்னும் ஒரு மரபணுவே இவ்வேடத்தை ஆள்கிறது என 2014-இல் நிறுவினர். முற்றத்தில் ஒரு கணம் நான் செய்த பிழையைத் தீர்க்க, அறிஞர்களுக்குத் தலைமுறைகள் தேவைப்பட்டன!

‘பெயர் மாறினால் என்ன குறைந்துவிடும்?’ என்று நீங்கள் கேட்கலாம். தொழிற்சாலைகளும் துறைமுகமும் சூழ்ந்த எண்ணூர்ப் பகுதியில், கழிமுகத்தின் கரைப் புதர்களில் எவை வாழ்கின்றன என்பதற்கு நாம் எடுக்கும் படங்களும் எழுதும் குறிப்புகளும் சான்றாகலாம். மார்மனை ரோஸ் என எழுதினால், அங்கே ஆடுதின்னாப்பாளை வளர்வதாகப் பின்வருவோர் எண்ணக்கூடும். இல்லாத செடியை இருப்பதாகக் காட்டியவர்கள் ஆவோம்.

ஆகவே, மாணவ நண்பர்களே, படம் எடுக்கும்போது சிறகின் அழகோடு நின்றுவிடாதீர்கள். உடலும் தெரியும்படி எடுங்கள். அது நாடிய செடியையும் ஒரு படம் எடுங்கள். நாளும் இடமும் குறியுங்கள். உடல் தெரியாத படமாயின், ‘ஐயம்’ என்று எழுதுங்கள். என் குறிப்பேட்டிலும் ‘கிரிம்சன் ரோஸ்’ என்பதை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அடித்த சொல்லை மட்டும் மறையாமல் விட்டு வைத்திருக்கிறேன்.